ஃப்ரீ ராடிக்கல்: தனி உறுப்பா, தனி மூலிகமா?

சத்து மாத்திரை அட்டைகளிலும் மருத்துவக் குறிப்புகளிலும் அடிக்கடி தென்படும் ‘ஃப்ரீ ராடிக்கல்’ என்னும் தொடரின் பிற்பகுதி, வேர் எனப் பொருள்படும் ‘ராடிக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இத்தொடரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று முடிவுசெய்ய, முதலில் அதன் பொருளை அறிய வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லவாசியே முதலிய பிரெஞ்சு வேதியியலாளர்கள், அமிலத்தில் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் அடிப்படைப் பகுதியை ‘ராடிக்கல்’ என்றனர். பின்னர் அது வினைகளில் சிதையாமல் இடம்மாறும் அணுத்தொகுதியைக் குறித்தது. அத்தகைய தொகுதி எதனோடும் பிணையாமல் தனித்திருக்கக்கூடும் என்பதை மோசஸ் கோம்பெர்க் 1900இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் காட்டினார். ஆகவே, இங்கே ‘ஃப்ரீ’ என்பது பிணைவுறாமையையே சுட்டும்.

இணை சேராத எலக்ட்ரான் ஒன்றையேனும் கொண்ட அணு அல்லது மூலக்கூறு என்பதே இதன் இன்றைய பொருள். இதன் செயலைத் திருநெல்வேலிச் சீமையின் அடுக்களையிலேயே அறியலாம். முறுக்கு டப்பாவை நெடுநாள் கழித்துத் திறக்கும்போது எழும் காறல் வாடைக்குக் காரணம், எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலத்திலிருந்து ஒரு ராடிக்கல் ஹைட்ரஜனைப் பறிக்க, பறிகொடுத்த மூலக்கூறு தானும் ராடிக்கலாகி, ஆக்சிஜனோடு சேர்ந்து அடுத்ததைத் தாக்கும் தொடர்வினையே. செக்கு நல்லெண்ணெய் எளிதில் காறுவதில்லை. எள்ளிலுள்ள செசமால் போன்ற பொருள்கள் அத்தொடரை அறுக்கின்றன.

உயிரணுவின் சவ்வும் கொழுப்பாலானது என்பதால் அங்கும் இதே வினை நிகழ்கிறது. வைட்டமின் ஈ அதைத் தடுக்கிறது. உயிரணுவுக்குள் ஆற்றலை ஆக்கும் நுண்பகுதியான மைட்டோகாண்டிரியாவில் ஆற்றல் உருவாகும்போது கசியும் எலக்ட்ரானை ஆக்சிஜன் ஏற்று சூப்பராக்சைடு என்னும் ராடிக்கலாகிறது. அதை அகற்றும் நொதியை மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் 1969இல் கண்டறிந்தனர். அகற்றப்படாதவை பெருகினால் புரதமும் டிஎன்ஏவும் சிதைவுறும். மூப்புக்கே இது காரணம் என 1956இல் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்த கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியது.

எனினும், இவற்றை முழுப் பகையாகக் கருதுவது தவறு. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்குச் சூப்பராக்சைடை உண்டாக்குகின்றன. இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு ராடிக்கலே. பீடித் தொழில் வேரூன்றிய நம் வட்டாரத்தில் இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: புகையில் ராடிக்கல்கள் மிகுதி, அதற்கு ராடிக்கலைத் தணிப்பதாகச் சொல்லப்படும் பீட்டா கரோட்டின் போன்ற சத்து மாத்திரை ஈடாகாது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்து 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவதற்கு மாறாகக் கூடியிருந்தது.

தமிழில் ‘தனி உறுப்பு’, ‘இயங்குறுப்பு’ என்பன பாடநூல் வழக்குகள். இலங்கையில் ‘சுயாதீன மூலிகம்’ என்பர். ‘தனி’ என்பது பிணைவுறாமைக்கும் இணையற்ற எலக்ட்ரானுக்கும் ஒருசேரப் பொருந்துகிறது. ஆனால், ஈரலையும் இதயத்தையும் உறுப்பு என்றே குறிக்கும் மருத்துவக் கட்டுரையில் ‘தனி உறுப்பு’ படிப்பவரை மயக்கும். ‘மூலம்’ என்பதற்கும் வேர் என்ற பொருள் உண்டாகையால், அத்தகைய இடங்களில் ‘தனி மூலிகம்’ என்று எழுதுவதே தகும். வேதியியல் வகுப்பில் ‘தனி உறுப்பு’ தொடரலாம்.