எம்பிரியோ டிரான்ஸ்ஃபர்: கரு மாற்றமா, கரு வைத்தலா?

வடபழனியில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் அண்ணியோடு உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்த தாளில் ‘கரு மாற்றம், நாள் 5’ என்று இருந்தது. அண்ணி அந்த வரியில் விரலை வைத்தபடி, “மாத்துவாங்களா? யாரோட கருவை?” என்று கேட்டார். குரல் நடுங்கியது. ஏற்கெனவே நொந்துபோய் வருகிறவர்களை ஒரு சொல் இப்படிப் பதறவைக்கக் கூடாது.

எம்பிரியோ என்பது கிரேக்கத்திலிருந்து வந்தது. உள்ளே பொங்கி வளர்வது என்பது வேர்ப்பொருள். நமக்குக் கரு இருக்கிறது. இலங்கைத் தமிழில் முளையம் என்பார்கள், அதுவும் அழகுதான். சிக்கல் டிரான்ஸ்ஃபரில். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் கடந்து, ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து செல்லுதல். ஆய்வகக் கிண்ணத்தில் வளர்ந்த கருவை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் கொண்டுபோய் விடுவது, அவ்வளவுதான். ஆனால் தமிழில் ஒன்றை ‘மாற்றுவது’ என்றால் அதற்குப் பதில் இன்னொன்று என்றுதான் முதலில் காதில் விழும்.

காத்திருப்பு அறையில் பெண்கள் தங்களுக்குள், “கரு வெச்சாச்சு” என்று பேசிக்கொள்கிறார்கள். அதுதான் சரியான சொல்: கரு வைத்தல். வைப்பது மருத்துவர் கை. அடுத்த சில நாட்களில் அது கருப்பைச் சுவரில் ஒட்டி வேர்பிடிப்பது கரு பதிதல். இரண்டும் வேறு வேறு.

அப்புறம் அந்த ‘நாள் 5’. முட்டையை எடுத்து விந்தோடு சேர்த்த நாளை இங்கே 0 என்று எண்ணுகிறார்கள். திங்களன்று எடுத்தால் 5ஆம் நாள் சனிக்கிழமை. நம் வழக்கப்படி எடுத்த நாளையும் சேர்த்தால் வெள்ளி வந்துவிடும். அண்ணி வெள்ளிக்குத்தான் லீவு போட்டிருந்தார்.

3ஆம் நாளில் கருவில் 6 முதல் 8 செல் இருக்கும். 5ஆம் நாளில் சுமார் நூறு செல்லோடு, உள்ளே நீர் கோத்த உருண்டையாகிவிடும். அதுதான் பிளாஸ்டோசிஸ்ட், தமிழில் கருக்கோளம். இயற்கையாகத் தரிக்கும்போது 3ஆம் நாள் கரு இன்னும் கருக்குழாயில்தான் இருக்கும். கருக்கோளமாகும் சமயத்தில்தான் கருப்பைக்குள் இறங்கும். பல மையங்கள் 5ஆம் நாள்வரை பொறுப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் எல்லாக் கருவும் அதுவரை தாங்காது. கருக்கள் குறைவென்றால் 3ஆம் நாளே வைப்பதும் உண்டு. 1978இல் பிறந்த உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் கருவை எட்டு செல் நிலையில்தான் வைத்தார்கள்.

உறையவைத்த கருவென்றால் கணக்கு கருப்பையிலிருந்து தொடங்கும். கருப்பையைத் தயார்படுத்தும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோனைக் கொடுத்து, கருக்கோளமாக இருந்தால் பெரும்பாலும் முழுதாக 5 நாள் கழித்து வைப்பார்கள். நாற்றின் வயதும் வயலின் பதமும் ஒத்துவரவேண்டும் என்பார்களே, அதேதான். கருப்பையின் இந்தத் தயார்நிலைக்கும் ‘பதம்’ என்றே சொல்லலாம்.

அண்ணியின் தாளில் இப்படி அச்சடித்திருக்கலாம்: கரு வைத்தல், முட்டை எடுத்து 5 நாள் கழித்து, சனிக்கிழமை.