ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள்

கோயில் நிர்வாகமோ வாசிகசாலையோ புதிதாக சவுண்ட் செற் வாங்கப் போகிறது என்றால் என்னிடம் முதலில் வருகிற கேள்வி, "எத்தனை வாட் எடுக்கலாம், தம்பி?" என்பதுதான். வாட் என்பது அந்த பொக்ஸ் எவ்வளவு மின்வலுவைத் தாங்கும் என்ற கணக்கு. எவ்வளவு சத்தம் தரும் என்பதைச் சொல்வது சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து, ஒரு மீற்றர் தள்ளி மைக் வைத்து அளந்தால் எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவு) வருகிறது என்பதே அது.

ஒரு பொக்ஸ் 1000 வாட், சென்சிடிவிட்டி 90 டெசிபெல். இன்னொன்று 250 வாட், 97 டெசிபெல். வலுவை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும், பத்து மடங்காக்கினால் 10. அப்படிப் பார்த்தால் முதலாவது 90 + 30 = 120 வரை போகும், இரண்டாவது 97 + 24 = 121. கால்வாசி வாட்டில் அதே சத்தம்! அம்பிளிஃபயரும் சின்னதாகப் போதும், ஜெனரேற்றருக்கும் சுமை குறைவு.

சரி, அந்த 1000 என்ன வாட்? இரைச்சல் போன்ற சோதனை ஒலியை மணிக்கணக்காக ஓடவிட்டு, பழுதாகாமல் தாங்குகிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் தொடர் வலு. ஒலிப் பொறியியலாளர் சங்கமான ஏஇஎஸ்ஸின் நியமத்தில் 2 மணித்தியாலம், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐஇசியின் நியமத்தில் 100 மணித்தியாலம். அதைப் பெரும்பாலும் இரட்டித்து 'ப்ரோகிராம்' என்றும், நான்கால் பெருக்கி 'பீக்' என்றும் போடுவார்கள். பீக் 1000 என்றால் உண்மையில் 250தான். பிஎம்பிஓ (கணநேர உச்ச வலு என்று விளம்பரத்துக்குப் போடுவது) என்று எழுதியிருக்கும் எண்ணை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கு ஒரு நியமமும் கிடையாது.

ஆகக் கூடிய சத்தம் என்று தரவுத்தாளில் போடும் உச்ச ஒலி அளவும் பல வேளைகளில் அளந்து பெற்றதல்ல. மேலே நான் போட்டது போன்ற கூட்டல் கணக்குத்தான். திருவிழாவில் இரவிரவாக ஓடும்போது உள்ளே இருக்கிற செப்புச் சுருள் சூடாகும். 100 பாகை செல்சியஸ் ஏறினால் அதன் மின்தடை 39 சதவீதம் அளவில் கூடும், ஏறக்குறைய 3 டெசிபெல் இறங்கிவிடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் இன்னும் 6 குறையும். 16 மீற்றரில் நிற்பவருக்கு 24 டெசிபெல் போய்விட்டது.

சென்சிடிவிட்டியிலும் ஒன்றைக் கவனியுங்கள். 2.83 வோல்ட் கொடுத்து அளந்ததாக இருந்தால், 8 ஓம் (மின்தடையின் அளவு) பொக்ஸுக்கு அது 1 வாட். 4 ஓமுக்கு 2 வாட். எண் 3 டெசிபெல் கூடித் தெரியும்.

பொக்ஸ் தரும் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரையான வீச்சையும் போடுவார்கள். "40 ஹேர்ட்ஸ் முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வரை" என்பதற்குப் பக்கத்தில், அந்த வீச்சுக்குள் சத்தம் எவ்வளவு கூடிக் குறையும் என்று காட்ட ±3 டெசிபெல் என்று இருக்கிறதா, −10 என்று இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா? 40இல் 10 டெசிபெல் விழுந்திருந்தால், அதை ஈடுகட்டப் பத்து மடங்கு வலு வேண்டும்.

ஊர்ச் சனமும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் சேர்த்துத் தந்த காசு அது. கடையில் மொடல் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து, தயாரிப்பாளரின் தரவுத்தாளைத் தேடிப் பாருங்கள். அதில் இந்த விவரங்கள் இல்லையென்றால், காசு கொடுக்க முன் பொக்ஸைக் கோயில் வீதிக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒருவரை மைக்கில் பேசவிட்டு, கடைசியில் சனம் இருக்கும் இடத்தில் நின்று கேளுங்கள்.