பொலிஷ் அடிக்கும் முன் பலகையை ஒருமுறை பாருங்கள்

வெள்ளவத்தை அக்கா ஒருவருக்குத் தேக்கில் சாப்பாட்டு மேசை செய்துகொண்டிருந்தேன். மேற்பலகையை இழைக்கும்போது சீவுளி 'கிர்' என்று கத்தி நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் அலகின் கூரில் பிசிறு. பலகையில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல், நகத்தால் சுரண்டியும் வரவில்லை. வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்த அக்கா கேட்டார்: "சுண்ணாம்பு பட்ட பழைய பலகையையோ போடுறீங்க, தம்பி?"

சுண்ணாம்புதான் அக்கா, ஆனால் எந்தச் சுவரிலும் இருந்து வந்ததில்லை என்றேன். வேர் நிலத்திலிருந்து இழுக்கும் கல்சியம் தேக்கின் உள்வெடிப்புகளில் படிந்து, காலப்போக்கில் கல்லாக இறுகிவிடும். வெளியே பட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. போதாததற்குத் தேக்கில் மணலின் மூலப்பொருளான சிலிக்காவும் இருக்கிறது. வாளும் உளியும் சீக்கிரம் மழுங்குவது அதனால்தான். அந்த வெள்ளைக் கீறல் மேசைக்கு ஒரு கெடுதலும் செய்யாது. என் அலகுக்குத்தான் கேடு.

மரத்தில் தெரியும் அடையாளமெல்லாம் குறையில்லை. அது அப்படியே நிற்குமா, பிறகு அசையுமா, உள்ளே ஏதாவது அதைத் தின்றுகொண்டிருக்கிறதா என்பதுதான் நான் பார்ப்பது. இதை நட்டப்பட்டுத்தான் படித்தேன். பல வருடங்களுக்கு முன் கோட்டையில் ஓர் அலுவலகத்துக்கு மஹோகனியில் பெரிய மேசை செய்தேன். பலகையில் ஒரு கணு, சுற்றிவரக் கறுப்பு வளையம். மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து, மேலே பொலிஷ் போட்டு அனுப்பிவிட்டேன். நாலு மாதத்தில் கணு கழன்று கையோடு வந்துவிட்டது.

கறுப்பு வளையம் என்பது செத்த கிளையின் பட்டை. மரம் அந்தக் கிளையை மூடி வளர்ந்திருக்கிறதே தவிர அதனோடு ஒட்டி வளரவில்லை. உயிரோடிருந்த கிளையின் கணுவில் நார்கள் சுற்றியுள்ள மரத்தோடு பின்னியிருக்கும், அது எங்கும் போகாது. என் கணுவைக் கழற்றிவிட்டது ஏசி. கொழும்புக் காற்றில் ஈரப்பதம் 80 சதவீதம் அளவில் நிற்கும் நாட்களில் மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் அது 10 சதவீதத்துக்குக் கிட்ட இறங்கும். பலகை அகலத்தில் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது. கணுவின் நார்களோ வேறு திசையில் போகின்றன. பிறகு பிடிப்பு எங்கே? அந்த மேற்பலகையை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு செத்த கணு என்றால் வெட்டி எடுத்துவிடுவேன், அல்லது அதே மரத்தில் துண்டு செதுக்கிப் பதிப்பேன். எதைச் செய்தாலும் பொலிஷுக்கு முன் படம் எடுத்து வட்ஸ்அப்பில் வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவேன். பொலிஷ் போட்ட பிறகு படம் காட்டுகிறவரிடம் கொஞ்சம் கவனம்.

சொந்த வளவுப் பலாவை அறுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பலாவை வெட்ட அனுமதி வேண்டும், 1951ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் இருக்கிறது. அனுமதி கிடைத்தாலும் பாட்டி துணி காயப்போட அடித்த ஆணி உள்ளேயே இருக்கும். நார் வழியே நீலக்கறுப்புக் கறை ஓடினால் பக்கத்தில் இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வரும் மைதான் அது. ஒக்சாலிக் அமிலம் கறையை எடுக்கும், ஆணியை நீங்கள்தான் எடுக்க வேண்டும். வன்னியிலிருந்து வந்த வேப்பம் பலகை ஒன்றில் எனக்குக் கிடைத்தது ஆணியில்லை, ஷெல் துண்டு. வாளில் மூன்று பல் போயிற்று. அதைப் பற்றி இங்கே வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

முதிரைப் பலகையை ஒரு பக்கம் நின்று பார்த்தால் வெளிச்சமாகவும் மறுபக்கம் போய்ப் பார்த்தால் இருட்டாகவும் தெரியும். இரண்டு மரத்தை ஒட்டிவிட்டேன் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நார் ஓர் அடுக்கில் இடமாகவும் அடுத்த அடுக்கில் வலமாகவும் சாய்ந்து வளர்வதால் வரும் பளபளப்பு அது. காசு கொடுத்து வாங்க வேண்டிய அழகு. இழைப்பதுதான் பெரும்பாடு, தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். புதிதாய் இழைத்த தேக்கில் பச்சையும் கறுப்புமாய்த் திட்டுத் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். சில வார வெளிச்சத்தில் அது பொன்னிறத்துக்கு வந்துவிடும். அதுவரை பூச்சாடியோ விரிப்போ அதன் மேல் வைக்காதீர்கள். மூடிய இடம் மட்டும் பின்தங்கிவிடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது மாவுக்கு. பலகை ஓரத்தில் வெளிறிய பகுதி இருக்கிறதே, வைரம் பாயாதது, அதில் மாச்சத்து அதிகம். ஊசி குத்தியது போல 1 முதல் 2 மில்லிமீற்றர் ஓட்டையும் கீழே கோதுமை மா போலத் தூளும் கண்டால் உளு வண்டு உள்ளே இருந்திருக்கிறது. தட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். திரும்பவும் தூள் கொட்டினால் இன்னும் இருக்கிறது. வார்னிஷ் போட்டால் அடங்கிவிடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். வார்னிஷ் புதிய வண்டு முட்டையிடுவதைத்தான் தடுக்கும். உள்ளே இருக்கும் புழு வளர்ந்து, வார்னிஷையும் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ரப்பர் மரத் தளபாடம் வாங்குகிறவர்கள் போரன் மருந்து ஏற்றிய பலகையா என்று கேட்டே ஆகவேண்டும்.

வெள்ளவத்தை அக்கா பலகையை மாற்றச் சொல்லவில்லை. கீறல் தன் கதிரைப் பக்கம் வராமல் சுவர்ப் பக்கம் வரட்டும் என்று மட்டும் சொன்னார். அப்படியே திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன். போன மாதம் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். மகன் மேசையை மறுபடி திருப்பி, கீறல் இருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான்.