இன்டர்போலேஷன்: இடைச்செருகலா, இடைக்கணிப்பா?

கணித வீடியோ செய்கிறவர்கள் நாள் முழுக்கப் புழங்கும் வேலைகளில் இன்டர்போலேஷனுக்குத்தான் முதலிடம். ஆனால் முழுப் பெயரைச் சொல்லி அதை யாரும் கூப்பிடுவதில்லை. அனிமேஷன் ஸ்டூடியோவில் அது ‘ட்வீன்’ அல்லது ‘இன்பிட்வீன்’. நிரல் எழுதுகிறவரிடம் ‘லெர்ப்’. பெயர் எதுவானாலும் காரியம் ஒன்றுதான். இரண்டு நிலைகள் நமக்குத் தெரியும். நடுவே இருப்பதைக் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும்.

எண்கோட்டில் ஒரு புள்ளி 2-இல் நிற்கிறது, ஒரு நொடியில் 10-க்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாம் கொடுப்பது இந்த இரண்டு எண்களை மட்டும். நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் வீடியோவில் மற்ற ஃப்ரேம்களில் புள்ளி எங்கே நிற்கும் என்பதைக் கணினிதான் முடிவு செய்தாக வேண்டும். சீரான வேகம் என்றால் கால் நொடியில் 4, அரை நொடியில் 6, முக்கால் நொடியில் 8. கணக்கு சரி, ஆனால் திரையில் பார்த்தால் புள்ளி சட்டென்று கிளம்பிச் சட்டென்று நிற்கும், கண்ணை உறுத்தும். அதனால் மெல்லக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, மெல்ல நிற்கிற மாதிரி மாற்றுவார்கள். ‘ஈஸ் இன், ஈஸ் அவுட்’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு: கடந்த நேரத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அதே நேரத்தின் கனத்தின் இருமடங்கைக் கழித்தால், கடந்த தூரத்தின் பங்கு கிடைக்கும். அதன்படி நம் புள்ளி கால் நொடியில் 3.25-இல்தான் இருக்கும், அரை நொடியில் 6, முக்கால் நொடியில் 8.75.

கிராண்ட் சாண்டர்சன் தம் 3ப்ளூ1ப்ரவுன் என்ற யூடியூப் கணிதச் சேனலுக்காகப் பைத்தான் நிரல்மொழியில் எழுதிய அனிமேஷன் கருவி மேனிம். சேனல் 2015-இல் தொடங்கியது. 2020-இல் அந்தக் கருவியிலிருந்து பிரிந்த ஒரு பதிப்பைப் பயனர்கள் கூடிப் பராமரித்து வருகிறார்கள். இன்று கணித வீடியோவில் இறங்குகிற பலர் முதலில் தொடுவது இதைத்தான். அதில் நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஓர் அசைவு ஒரு நொடி எடுத்துக்கொள்ளும், மெல்லத் தொடங்கி மெல்ல முடியும். இடையில் உள்ள எல்லாம் கருவியின் பொறுப்பு.

சொல்லின் பூர்வீகம் கொஞ்சம் வேடிக்கையானது. லத்தீனில் ‘இன்டர்போலாரே’ என்றால் பழையதைப் புதுப்பித்துக் காட்டுவது. பழந்துணிக்கு மெருகேற்றிப் புதுசு மாதிரி ஆக்குவது. மெருகேற்றுவதைக் குறிக்கும் ‘பொலீரே’ என்ற வினையோடு இதை அகராதிகள் உறவுபடுத்துகின்றன. ஆங்கிலத்தின் ‘பாலிஷ்’ வந்த வழியும் அதுதான். துணியிலிருந்து பொருள் ஏட்டுக்குத் தாவியது. ஒருவர் எழுதிய நூலில் இன்னொருவர் தம் வரிகளை நுழைத்து, அவையும் மூலமே என்பது போலக் காட்டினால் அது இன்டர்போலேஷன். ஆங்கிலத்திலும் இந்தப் பொருள் கணிதப் பொருளுக்கு முந்தியது. ஆக, சொல்லின் பழைய பொருளில் மெருகும் உண்டு, மோசடியும் உண்டு.

கணிதத்துக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ். 1656-இல் வெளிவந்த ‘அரித்மெடிகா இன்ஃபினிடோரம்’ நூலில் வட்டத்தின் பரப்பைப் பிடிக்க அவர் போட்ட திட்டம் துணிச்சலானது. அடுக்கு முழு எண்ணாக இருக்கும் வளைவுகளின் பரப்பு அவருக்குத் தெரியும். வட்டத்தின் சூத்திரத்தில் வருவதோ அரை என்ற அடுக்கு. அப்படியென்றால் தெரிந்த விடைகளை வரிசையாக அட்டவணையில் எழுதி, இரண்டு கட்டங்களுக்கு நடுவே என்ன வரவேண்டும் என்று ஒழுங்கைப் பார்த்து நிரப்பலாமே? நிரப்பினார். பை (π) என்ற எண்ணின் மதிப்புக்கு முடிவில்லாத பெருக்கல் ஒன்று கிடைத்தது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இந்த அட்டவணைகளைப் படித்த நியூட்டன் 1664-65 குளிர்காலத்தில் அதே உத்தியை நீட்டித்து, ஈருறுப்புத் தேற்றத்தைப் பின்ன அடுக்குகளுக்கும் கொண்டுபோனார். வாலிஸ் பின்னாளில் பழைய கிரேக்கக் கணித நூல்களைச் சுவடி பார்த்துப் பதிப்பித்தவரும்கூட. ஏட்டில் வரி நுழைப்பது என்ற பொருள் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பெயர்தான் வாலிஸ் தந்தது, வேலை அவருக்கு வெகு முன்பே நடந்துவந்திருக்கிறது. பிரம்மகுப்தர் 665-இல் எழுதிய ‘கண்டகாத்யக’த்தில் சைன் அட்டவணையின் இரண்டு மதிப்புகளுக்கு நடுவே உள்ளதைக் காண ஒரு வழி சொல்கிறார். அது வெறும் நேர்கோட்டுக் கணக்கு இல்லை. வேறுபாட்டின் வேறுபாட்டையும் சேர்த்துக்கொள்ளும் இரண்டாம் நிலைக் கணக்கு. நாமும் செய்திருக்கிறோம். கால்குலேட்டர் வருமுன் படித்தவர்களுக்கு லாக் புத்தகத்தில் வலது ஓரத்தில் இருந்த ‘சராசரி வித்தியாசம்’ நினைவிருக்கும். 2.34-க்கு மடக்கை 0.3692, 2.35-க்கு 0.3711. நடுவில் 2.345 வேண்டும் என்றால் அந்த ஓரத்துப் பத்தியில் 5-க்குக் கீழே உள்ள 9-ஐக் கூட்டி 0.3701 என்று எழுதுவோம். உண்மை மதிப்பு 0.37014. அந்த வேலையின் பெயர்தான் இன்டர்போலேஷன் என்று வகுப்பில் யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

சரி, படத்துக்கு இது எப்படி வந்தது? கையால் வரைந்த காலத்து கார்ட்டூனில் மூத்த ஓவியர் ஓர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். அவை கீ ஃப்ரேம். நடுவில் உள்ளவற்றை வரைந்து தள்ளுவது இளையவர்கள் வேலை. அவர்களுக்கு இன்பிட்வீனர் என்றே பெயர். இந்த இளையவர் வேலையைக் கணினிக்குக் கொடுத்தவர்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் இருவரும். 1970-ஐ ஒட்டி அவர்கள் உருவாக்கிய முறையில் ஓவியர் இரண்டு கோட்டோவியங்கள் கொடுத்தால் போதும், ஒன்று மற்றொன்றாக மாறும் படங்களைக் கணினி போட்டுக் கொடுக்கும். அதைக் கொண்டு பீட்டர் ஃபோல்ட்ஸ் 1974-இல் எடுத்த ‘ஹங்கர்’ குறும்படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பர்ட்னிக், வெய்ன் இருவருக்கும் 1997-இல் ஆஸ்கர் அகாதெமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. பிற்பாடு ஃப்ளாஷ் மென்பொருள் பிரபலமானபோது ‘மோஷன் ட்வீன்’, ‘ஷேப் ட்வீன்’ என்ற பெயர்களில் இது ஊரெல்லாம் பரவியது.

கதைப் படத்தில் இடைப்படங்கள் பார்க்க நன்றாக இருந்தால் போதும். கணித வீடியோவில் போதாது. அங்கே ஒவ்வோர் இடைப்படமும் ஒரு கூற்று. பார்க்கிற மாணவர், நடுவில் ஓடுவதும் கணக்குதான் என்று நம்பித்தான் பார்க்கிறார்.

பிதாகரஸ் தேற்றத்தின் யூக்ளிட் நிரூபணத்தையே எடுத்துக்கொள்ளலாம். அசைவூட்டத்துக்கு அது அல்வா. செங்கோண முக்கோணத்தின் சிறிய பக்கம் 3 என்றால் அதன் மேல் 9 பரப்புள்ள சதுரம் இருக்கும். முதல் படியில் அந்தச் சதுரத்தின் அடிப்பக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேல்பக்கத்தை மட்டும் அதே கோட்டில் நகர்த்தி, சாய்ந்த இணைகரமாக ஆக்குகிறோம். இரண்டாம் படியில் அந்த இணைகரத்தை ஒரு முனையை மையமாக வைத்து 90 பாகை சுழற்றுகிறோம். மூன்றாம் படியில் மறுபடி சாய்த்தால் அது கர்ணத்தின் மேல் உள்ள பெரிய சதுரத்துக்குள் செவ்வகமாகப் போய் உட்காரும். பரப்பு கடைசிவரை 9-தான் என்பதே நிரூபணத்தின் உயிர்.

இப்போது மூன்று படிகளுக்கும் நேர்கோட்டு இன்டர்போலேஷன் போட்டுப் பாருங்கள். முதல் படியில் ஒவ்வொரு மூலையும் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு நேராகப் போகிறது. எந்த ஃப்ரேமில் நிறுத்திப் பார்த்தாலும் அடிப்பக்கம் மாறவில்லை, உயரம் மாறவில்லை, பரப்பு 9. இடைப்படம் ஒவ்வொன்றும் உண்மை சொல்கிறது. இரண்டாம் படியில் கதை கந்தல். மூலைகள் வட்ட வில்லில் போகாமல் குறுக்கே நாண் வழியாகப் போகின்றன. பாதி வழியில் நிறுத்தினால் பக்கங்கள் எல்லாம் சுருங்கி ஏறத்தாழ 0.707 மடங்காகி, பரப்பு சரியாகப் பாதி, அதாவது 4.5, என்று நிற்கும். குரல் ‘பரப்பு மாறவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். திரையில் வடிவம் சுருங்கி விரியும். 180 பாகை சுழற்றினால் இன்னும் மோசம், பாதி வழியில் எல்லாம் ஒரே புள்ளியாகிவிடும்.

மேனிமில் இந்தப் பள்ளம் பிரபலமானது. ஒரு வடிவத்துக்குப் பின்னால் ‘அனிமேட்’ என்று போட்டுச் சுழற்றச் சொன்னால், கருவி முதல் நிலையையும் கடைசி நிலையையும் மட்டும் பார்த்து நடுவை நேர்கோட்டில் நிரப்பும். ‘ரொட்டேட்’ என்ற தனிக் கட்டளையைக் கொடுத்தால்தான் கோணத்தை நிரப்பும். எதை இடையில் நிரப்புகிறோம், மூலைகளின் இடங்களையா, கோணத்தையா என்பதுதான் கேள்வி. முப்பரிமாணத்தில் இதே சிக்கலுக்கு, ஹாமில்டன் 1843-இல் கண்டுபிடித்த, நான்கு கூறுகள் கொண்ட குவாட்டர்னியன் எண்களைக் கொண்டு கோளத்தின் மேலேயே இடைமதிப்பு காணும் வழியைக் கென் ஷூமேக் 1985-இல் சொன்னார். இன்றைய வீடியோ கேம்களில் தலை திரும்புவதும் கேமரா சுற்றுவதும் பெரும்பாலும் அந்த வழிதான்.

உண்மையும் பொய்யும் அல்லாத இடைப்படங்களும் உண்டு. வட்டம் உருகிச் சதுரமாவது, ஒரு சமன்பாட்டின் எழுத்துகள் நெளிந்து அடுத்த சமன்பாடாவது போன்றவை. நடுவில் தெரிகிற வடிவத்துக்குக் கணிதத்தில் எந்த அர்த்தமும் இல்லை. எழுத்து நெளிந்து இடம் மாறினால், எந்த உறுப்பு எங்கே போனது என்று கண் பின்தொடரும், அது உதவி. வட்டம் சதுரமாவது எனக்குப் பிடிப்பதில்லை. ஏதோ தொடர்பு இருக்கிறது போலிருக்கிறதே என்று மாணவரைத் தேடவைத்துவிடும்.

இனி தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில், எண்ணியல் முறைகள் பாடத்தில் இன்டர்போலேஷனுக்கு இடைச்செருகல் என்றிருக்கிறது. இலக்கிய மாணவர்கள் இதைப் பார்த்தால் புருவம் உயர்த்துவார்கள். அவர்களுக்கு இடைச்செருகல் என்பது குற்றச்சாட்டு. கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் பாடிச் சேர்த்தவை என்று கருதப்பட்ட செய்யுள்களைப் பதிப்பாசிரியர்கள் ‘மிகைப்பாடல்கள்’ என்று தனியே ஒதுக்கி அச்சிட்டார்கள். வெள்ளியம்பலத் தம்பிரான் சேர்த்தவை என்ற பேச்சில் ‘வெள்ளிப் பாடல்’ என்றொரு பெயரும் உண்டு. ஒரு பாடலை இடைச்செருகல் என்று சொல்லிவிட்டால் அதன் கதை முடிந்தது.

செருகு என்ற வினையில் அப்படி ஒரு குற்றமும் இல்லை. கொண்டையில் பூவைச் செருகுகிறோம், கூரையில் அரிவாளைச் செருகுகிறோம், இடுப்பில் முந்தானையைச் செருகுகிறோம். ஏற்கெனவே இருக்கிற இரண்டுக்கு நடுவே ஒன்றை நுழைப்பது, அவ்வளவே. குற்றம் ஏட்டில் ஏறிய பிறகு வந்தது. லத்தீன் சொல்லும் இதே வழியில்தான் கெட்ட பெயர் வாங்கியது என்பதால், பொருத்தம் எதிர்பார்த்ததைவிட நெருக்கமாகவே இருக்கிறது.

‘இடைக்கணிப்பு’ நல்ல சொல்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க இனிமைதான், நுழைப்பதைவிடக் கணிப்பது கௌரவமாகவும் இருக்கிறது. சிக்கல் அதன் ஜோடியில் வருகிறது. தெரிந்த மதிப்புகளுக்கு வெளியே போய் மதிப்பு காண்பது எக்ஸ்ட்ராபோலேஷன். இடைக்கணிப்புக்கு ஜோடி கட்டினால் அது ‘புறக்கணிப்பு’ ஆகிவிடும். ‘புறக்கணிப்பு முறையில் 2031-இன் மக்கள்தொகையைக் காண்க’ என்று கேள்வி கேட்டால் மாணவர்கள் விடைத்தாளைத்தான் புறக்கணிப்பார்கள். பாடநூலின் புறச்செருகலுக்கு அழகு குறைவு, ஆனால் குழப்பம் இல்லை.

என் ஓட்டு இடைச்செருகலுக்கே. பரீட்சைக்குப் படித்தவர்களுக்குப் பழகிய சொல். நடுவில் இருப்பது நாம் வைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறது. வினையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் அது கனக்கும். அங்கே ‘இடைமதிப்பு காண்’ என்பது வாய்க்கு எளிது: ‘இந்த இரண்டு கோணங்களுக்கும் இடைமதிப்பு காண்போம்’ என்று குரல் கொடுத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். இன்பிட்வீனுக்கு இடைப்படம் போதும். கீ ஃப்ரேமைத் ‘திறவுகோல் சட்டகம்’ என்று பெயர்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை: அந்தக் ‘கீ’ சாவி இல்லை, முக்கியமானது என்ற பொருளில் வருவது. முதன்மைப் படம் என்றால் சரியாக இருக்கும். ‘ஈஸ்’ என்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டாம். மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும் அசைவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ‘லெர்ப்’ நிரலுக்குள் மட்டும் இருக்கிறது. அது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.