வளைகாப்புக்கு ஊருக்குப் போகும் முன்: கர்ப்பிணிகளும் மலேரியாவும்

விமானச்சீட்டு எடுத்தாயிற்று, பட்டுச்சேலையும் வளையலும் பெட்டிக்குள் போயாயிற்று. புறப்பட நான்கு நாள் இருக்கும்போதுதான் "டாக்டர், ஏதாவது ஊசி போடணுமா?" என்ற கேள்வி வரும். மலேரியாவுக்கு அது மிகவும் பிந்திய கேள்வி. பயணிகளுக்கென்று இதற்குத் தடுப்பூசி கிடையாது. மாத்திரைதான் உண்டு. கர்ப்பிணிக்குப் பொருந்தும் மாத்திரையை இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கியாக வேண்டும்.

சிங்கப்பூர் 1982லேயே மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இங்கே கொசு என்றாலே டெங்கிதான் நினைவுக்கு வருகிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் பெரும்பாலும் பகலில் கடிக்கும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் பொழுது சாய்ந்ததும் கிளம்பி விடியும்வரை கடிக்கும். ஊரில் நீங்கள் அசந்து தூங்கும் நேரம்தான் அதற்கு வேட்டை நேரம்.

எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதை வைத்தே மற்றதெல்லாம். இலங்கை 2016ல் மலேரியா இல்லாத நாடாகச் சான்று பெற்றது. யாழ்ப்பாணம் போகிறவர் இதற்காக மாத்திரை தேட வேண்டாம். சென்னையில் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் நகரத்துக் கொசு உண்டு. மலேரியாக் கிருமியில் பல வகை உண்டு; அங்கே வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. நோய் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. அங்கே மாத்திரை வேண்டுமா, கொசுக்கடியைத் தவிர்த்தால் போதுமா என்பதை மருத்துவர் உங்களோடு பேசி முடிவு செய்வார். ஒடிசா, சத்தீஸ்கர் காட்டுப்பகுதிகளிலும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் கொடிய ஃபால்சிபரம் வகை இருக்கிறது. இந்தோனேசியாவின் பாப்புவாவில் இரண்டு வகையும் உண்டு. மலேசியாவின் சாபா காடுகளில் குரங்கிலிருந்து மனிதருக்கு வரும் நோலெசி வகை உண்டு. ஃபால்சிபரம் உள்ள இடத்துக்குக் கர்ப்பிணி போகாமலிருப்பதே நல்லது. தள்ளிப்போட முடிந்த பயணம் என்றால் தள்ளிப்போடுங்கள். வளைகாப்பை இங்கேயே நடத்தலாம், பாட்டியை இங்கே வரவழைக்கலாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் நஞ்சுக்கொடி. ஃபால்சிபரம் புகுந்த சிவப்பணுக்கள் நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொண்டு அங்கேயே குவிகின்றன. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டிய ஊட்டமும் பிராணவாயுவும் குறைகின்றன. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை, வயிற்றிலேயே குழந்தை இறப்பது, தாய்க்குக் கடும் இரத்தசோகை, சர்க்கரை திடீரென இறங்குவது, நுரையீரலில் நீர் கோர்ப்பது என எல்லாம் இதன் தொடர்ச்சி.

"நான் அங்கேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கு ஒன்றும் செய்யாது" என்ற நம்பிக்கை ஆபத்தானது. திரும்பத் திரும்ப மலேரியா வந்தவர்களுக்குக் கிடைக்கும் ஓரளவு எதிர்ப்புசக்திகூட ஊரைவிட்டு வந்தபின் தேய்ந்துவிடும். தலைப்பிள்ளை சுமப்பவருக்கு நஞ்சுக்கொடியில் ஒட்டும் கிருமி வகையை உடல் முன்பு பார்த்ததே இல்லை.

கர்ப்பிணிக்கு வழக்கமாகத் தருவது மெஃப்ளோகுவின் 250 மில்லிகிராம், வாரம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் நிறையத் தண்ணீருடன். மூன்று வாரம் முன்பே தொடங்கினால், கெட்ட கனவு, தலைசுற்றல், காரணமில்லாத பதற்றம் போன்றவை வந்தால் இங்கே இருக்கும்போதே தெரிந்துவிடும். மனச்சோர்வோ வலிப்போ இருந்தவர்களுக்கு இது ஆகாது. திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் விடாமல் எடுக்க வேண்டும். கல்லீரலில் பதுங்கிய கிருமி இரத்தத்துக்கு வரும்போது அங்கே மருந்து இருக்க வேண்டும். இரண்டு வாரப் பயணத்துக்குக் கணக்குப் போட்டால் முன்பு மூன்று, புறப்படும் நாளும் திரும்பும் நாளும் சேர்த்துப் பயணத்தில் மூன்று, பிறகு நான்கு, ஆக மொத்தம் பத்து மாத்திரை. பெரும்பாலோர் கோட்டை விடுவது அந்தக் கடைசி நான்கில்தான். தாய்லாந்து-மியன்மார், தாய்லாந்து-கம்போடியா எல்லைகளில் மெஃப்ளோகுவினுக்குக் கிருமி மசிவதில்லை. அங்கே போகவே வேண்டாம்.

கணவருக்கு எழுதித் தந்த மாத்திரையைப் பங்கு போடாதீர்கள். டாக்சிசைக்ளின் பிள்ளையின் பல்லையும் எலும்பையும் பாதிக்கும். பிரைமாகுவின் பிள்ளையின் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். அட்டோவகுவோன்-புரோகுவானிலை கர்ப்பத்தில் வழக்கமாகத் தருவதில்லை.

எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு காப்பாற்றாது, ஆகவே கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்வதும் மிக முக்கியம். காம்பியாவில் செய்து 2000ல் வெளியான ஆய்வு ஒன்றில், கர்ப்பிணிகளை நாடி வந்த கொசு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இருமடங்கு. வயிற்றுச் சூடும் கூடுதலாக வெளிவிடும் மூச்சும் காரணமாகச் சொல்லப்பட்டன. இன்னொன்றும் அதில் தெரிந்தது: சிறுநீர் கழிக்க இரவில் கர்ப்பிணிகள் கொசுவலையைவிட்டு எழுந்ததும் மற்றவர்களைவிட இருமடங்கு. இதை யாரும் யோசிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் வலை திறக்கிறது, வெறுங்காலோடு கொல்லைப்புறம் வரை போய் வருகிறீர்கள். படுக்கும் முன் கணுக்காலிலும் பாதத்திலும் கொசுவிரட்டி பூசுங்கள், கட்டிலருகே சாக்ஸ் வையுங்கள், திரும்பி வந்ததும் டார்ச் அடித்து வலைக்குள் பார்த்துவிட்டு ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தோய்த்த வலை கர்ப்பத்தில் பாதுகாப்பானது. டீட் கலந்த விரட்டியும் அப்படியே: 30 விழுக்காடு என்றால் ஏறத்தாழ ஆறு மணி நேரம், 50க்கு மேல் வேண்டாம். வெயில் களிம்பை முதலில் பூசி, காய்ந்தபின் இதைப் பூசுங்கள். கைப்பட்டை, ஸ்டிக்கர், வைட்டமின் மாத்திரை எதையும் நம்பி இருக்காதீர்கள்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் என்றால் அன்றே, நள்ளிரவானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை தவறாமல் போட்டிருந்தாலும் போங்கள். கடித்த ஏழாம் நாளுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஃபால்சிபரம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள், வைவாக்ஸ் ஒரு வருடம் கழித்தும். இங்கே காய்ச்சலுக்கு முதலில் டெங்கிப் பரிசோதனைதான் செய்வார்கள். எந்த ஊர், எந்தத் தேதியில் திரும்பினீர்கள், எத்தனை மாதம் என்பதை நீங்களாகவே சொல்லி மலேரியாவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். கிருமி நஞ்சுக்கொடியில் ஒளிந்திருந்தால் விரலிலோ கையிலோ எடுத்த இரத்தத்தில் தெரியாமல் போகலாம். முதல் முறை இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்க்க வேண்டும். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபென் வேண்டாம்.

வைவாக்ஸ் என்று தெரிந்தால் சிகிச்சை ஒரு வாரத்தில் முடிந்துவிடாது. கல்லீரலில் தூங்கும் கிருமியை அழிக்கும் பிரைமாகுவினைக் கர்ப்பத்தில் தர முடியாது என்பதால், குளோரோகுவின் மருந்துக்குக் கட்டுப்படும் வகையாக இருந்தால், பிரசவம்வரை வாரம் ஒரு குளோரோகுவின் தருவார்கள். பிள்ளை பிறந்தபின், பால் கொடுப்பவர் என்றால் தாய், சேய் இருவருக்கும் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் நொதி) குறைவாக இருக்கிறதா என்று பரிசோதனை செய்துவிட்டுத்தான் பிரைமாகுவின்.