ஆல்ஃபா: ஓநாய்க்குப் பொருந்தாத பட்டம்

நாய் பழக்கும் காணொளி எதைத் திறந்தாலும் சீக்கிரமே இந்தச் சொல் வந்துவிடும். 'வீட்டுல நீங்கதான் ஆல்ஃபான்னு நாய்க்குக் காட்டணும்.' நாய் சாப்பிடும் முன் நீங்கள் சாப்பிட வேண்டும், வாசலில் முதலில் நீங்கள் நுழைய வேண்டும், அடம்பிடித்தால் மல்லாக்கத் தள்ளி அமுக்க வேண்டும். காரணம் கேட்டால் ஓநாயைக் காட்டுவார்கள். கூட்டத்தில் அடித்துப் பிடித்து முதலிடத்துக்கு வந்தது ஆல்ஃபா ஓநாய், நாய் அந்த வம்சம், ஆகவே அதற்கும் அப்படித்தான்.

ஆல்ஃபா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்து. கிரேக்கர் அதை ஃபினீசியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே அந்த எழுத்தின் பெயருக்கு எருது என்று பொருள். முதல் எழுத்தானதால், வரிசையில் முதலில் நிற்பதற்கெல்லாம் அது அடையாளமாயிற்று. விலங்குகளை இப்படி வரிசைப்படுத்தும் பழக்கத்துக்குக் கோழிகளே தொடக்கம். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது என்று பார்த்து, 1920களின் தொடக்கத்தில் நார்வேக்காரர் ஷெல்டெரப்-எப்பே எழுதியதுதான் 'கொத்தும் வரிசை'.

ஓநாய்க்கு இந்தப் பட்டம் ஒட்டிக்கொண்டதற்கு மூலமாகச் சொல்லப்படுவது சுவிட்சர்லாந்தின் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு. அவர் கவனித்தவை பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைப்புக்குள் வளர்ந்த ஓநாய்கள். சிறிய இடம், வெளியேற வழி கிடையாது. அவர் கவனித்ததில் குறை சொல்ல முடியாது. முகபாவம், வால், காது என்று அவர் விவரித்தவை இன்றும் பயன்படுகின்றன. ஆனால் அடைப்புக்குள் நடந்ததைக் காட்டுக்கும் விதியாக்கிவிட்டார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் நூல் இந்தச் சொல்லை உலகமெங்கும் கொண்டுபோனது. அதே மெக்தான் 1986 முதல் கோடைதோறும் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போனார். மனிதரைக் கண்டு ஓடாத ஓநாய்கள் அங்கே இருந்தன. பக்கத்தில் இருந்தே பார்த்ததில் தெரிந்தது இதுதான்: கூட்டம் என்பது ஒரு குடும்பம். ஓர் ஆண், ஒரு பெண், அவற்றின் கடந்த சில ஆண்டுக் குட்டிகள். வளர்ந்த பிள்ளைகள் துணை தேடிப் பிரிந்துபோகும். தலைமைக்கு யாரும் போட்டியிடவில்லை. குட்டிகளைப் பெற்றதால் தலைமை வந்தது. 1999இல் இதைக் கட்டுரையாகவே எழுதி, ஆல்ஃபா வேண்டாம், 'இனப்பெருக்க ஆண்', 'இனப்பெருக்கப் பெண்' போதும் என்றார். பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தச் சொல்லிப் பல ஆண்டுகள் பதிப்பாளரிடம் கேட்டு, 2022இல்தான் நிறுத்தவைத்தார். தன் சொல்லைத் தானே துரத்திக்கொண்டு அலைந்த ஆய்வாளர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

பணிவு என்று நாம் படிக்கும் சைகையையே எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டையிலிருந்து திரும்பும் பெரிய ஓநாயிடம் இளையது உடலைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்குச் சாய்த்து, தணிந்த வாலை ஆட்டியபடி வந்து வாயோரத்தை நக்கும். அடிமைத்தனம்போலத் தெரியும். ஆனால் குட்டிப் பருவத்தில் இப்படி நக்கினால்தான் பெற்றோர் வயிற்றிலிருந்து இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். அந்தக் கெஞ்சலின் நீட்சி இது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் உங்கள் நாய் முகத்தை நோக்கித் தாவுகிறதே, அதுவும் இதே வழக்கம்தான்.

இன்னொரு வேடிக்கை. ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்புரூனில் உள்ள ஓநாய் ஆய்வு மையத்தில் ஓநாய்களையும் நாய்களையும் ஒரே மாதிரி கையால் வளர்த்து ஒப்பிடுகிறார்கள். உயர்ந்த நிலையில் ஒன்றும் தாழ்ந்த நிலையில் ஒன்றுமாக இரண்டுக்குப் பொதுவாக இறைச்சி வைத்தபோது, ஓநாய்களில் தாழ்ந்ததும் பக்கத்தில் நின்று தின்றது; உறுமலுக்குப் பதில் உறுமியது. நாய்களில் தாழ்ந்தது ஒதுங்கிவிட்டது. மேல்கீழ் பார்ப்பதில் ஓநாயைவிட நாய்தான் கறார் போலிருக்கிறது!

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'ஆதிக்க ஆண்' என்பது சண்டைக் கதையை அப்படியே சுமந்துவருகிறது. 'தலைமை ஓநாய்' பரவாயில்லை, என்றாலும் குடும்பத்தை மறைக்கிறது. வலிமை மிக்க ஆண் விலங்குக்குத் தொல்காப்பிய மரபியல் 'ஏற்றை' என்ற பெயர் தருகிறது. 'ஆற்றலொடு புணர்ந்த ஆண்பாற்கு எல்லாம்' அது உரியதாம். சிம்பன்சி போல ஆண்கள் உண்மையிலேயே முதலிடத்துக்குப் போட்டியிடும் இனங்களுக்கு இதை மீட்டெடுக்கலாம் என்பது என் கருத்து. (ஏறு என்றால் காளை, கிரேக்க எழுத்துக்குள்ளும் எருது. வெறும் தற்செயல்தான், வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள்.)

ஓநாய்க்கு மட்டும் ஏற்றை வேண்டாம். தாய் ஓநாய், தந்தை ஓநாய் என்று எழுதினாலே பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரே கூட்டத்தில் இரண்டு மூன்று பெண் ஓநாய்கள் குட்டிபோடுவதும் உண்டு, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பார்த்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 'மூத்த பெண்' என்று பிரித்துச் சொல்லலாம். நாய் வளர்ப்புக் குறிப்புகளை மொழிபெயர்ப்பவர்கள் 'ஆல்ஃபாவாக இருங்கள்' என்ற வரிக்குத் தமிழ்ச்சொல் தேட வேண்டியதில்லை, அந்த வரியையே விட்டுவிடலாம். மல்லாக்கத் தள்ளி அமுக்கினால் நாய்க்குப் பயம்தான் வரும், பயந்த நாய் கடிக்கும்.