கடலோர மனையில் அஸ்திவாரம் தோண்டும் முன் பார்க்க வேண்டிய இரண்டு கோடுகள்

கடலை ஒட்டி மனை வாங்குபவர்கள் பத்திரத்தையும் பட்டாவையும் சரிபார்க்கும் அளவுக்கு உயர் அலைக் கோட்டைச் சரிபார்ப்பதில்லை. சி.ஆர்.இசட். என்று பரவலாக அறியப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கின்றன. இப்போதைய அறிவிக்கையை ஒன்றிய அரசு 2019 ஜனவரி 18 அன்று வெளியிட்டது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெருகும் ஓதம் நிலத்தில் எதுவரை ஏறுகிறதோ அதுவே உயர் அலைக் கோடு. கடல் முகப்பில் அங்கிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இந்த மண்டலம் நீள்கிறது. ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம், உப்பங்கழி ஆகியவற்றின் கரையில் 50 மீட்டர் அல்லது அந்நீர்நிலையின் அகலம், இவற்றில் குறைவானது கணக்கில் கொள்ளப்படும். ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு காணப்படும் இடம்வரை ஓதத்தின் எல்லை என்பதால், கடலே கண்ணில் படாத மனையும் இதற்குள் வரக்கூடும்.

கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குப் பொதுவாக இடமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் பகுதிகளில் இது 50 மீட்டராகக் குறைக்கப்பட்டாலும், 2019 விதிப்படியான மேலாண்மைத் திட்டம் (கரையை வகைகளாகப் பிரித்து வரைபடத்தில் காட்டும் திட்டம்) ஒப்புதல் பெற்ற பிறகே அந்தத் தளர்வு செல்லும். கருவாடு காயவைக்கும் தளம், வலை பழுதுபார்க்கும் இடம், ஏலக்கூடம் போன்ற மீனவர் தேவைகளுக்கு இத்தடைப் பகுதியிலும் அனுமதி உண்டு.

பவளப்பாறை, கடற்புல் படுகை, அலையாத்திக் காடு, மணற்குன்று, ஆமை முட்டையிடும் கரை ஆகியவை மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் வகையில் அடங்கும். மன்னார் வளைகுடா இதற்கும் மேலாக, மிகவும் பாதிப்புக்குள்ளாகக்கூடிய கடலோரப் பகுதிகளின் பட்டியலில் பெயர் குறிப்பிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறது. இரவில் கரையேறும் பங்குனி ஆமை ஓதம் எட்டாத உலர்மணலைத் தேடித்தான் குழி பறிக்கும். கடல் மட்டம் உயரும்போது அந்த மணல் நிலப்பக்கம் நகர இடம் வேண்டும். அங்கே மதில் நின்றால் கரை ஒடுங்கி, ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

இரண்டாவது கோடு, இந்திய நில அளவைத் துறை வரைந்த அபாயக் கோடு. கடல் மட்ட உயர்வும் கரை மாற்றமும் இதில் கணக்கிடப்பட்டுள்ளன. ஆனால் 2019 விதி இதைப் பேரிடர் மேலாண்மைக்கான கருவியாக மட்டுமே வைத்துக்கொண்டது; 2011 விதியில் இருந்ததுபோல ஒழுங்குமுறை எல்லையை இது தீர்மானிப்பதில்லை. என் பார்வையில் இந்த விதியின் பெரிய ஓட்டை இதுதான். இன்றைய உயர் அலைக் கோட்டிலிருந்து சரியான தூரம் விட்டுக் கட்டப்பட்ட வீடு, சட்டப்படி எந்தக் குறையும் இல்லாமலே அபாயக் கோட்டுக்குக் கடல்புறத்தில் நிற்க முடியும்.

சொந்தக் குடியிருப்பு 300 சதுர மீட்டருக்குள் இருந்தால் உள்ளாட்சி அமைப்பே சி.ஆர்.இசட். விதிகளைப் பரிசீலித்து ஒப்புதல் தரலாம். அதற்கு மேற்பட்டால் மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் பரிந்துரை வேண்டும். எந்த வழியானாலும், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே புல எண்ணைச் சொல்லி, மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அந்த மனை எந்த வகையில் விழுகிறது என்பதோடு அபாயக் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.